கண் என்று நினைத்தது

அதைக் கண் என்றுதான் நினைத்தோம். கரிய உடல், சுற்றிலும் பின்னல் ஊசி போன்ற நீண்ட முட்கள், உச்சியில் ஆரஞ்சு வளையத்தோடு ஒரு சிறிய உருண்டை. அந்தமானின் நீல் தீவில், இயற்கைப் பாலம் என்று அழைக்கப்படும் பாறை வளைவுக்குப் போகிற வழியில், கடல் வற்றிய நேரத்தில் ஒரு பாறைக் குழிக்குள் அது இருந்தது. வழிகாட்டிப் பையன் குனிந்து காட்டினான். என் ஐந்து வயது மகள் அதைப் பார்த்து, "தாத்தா, அது நம்மளையே பாக்குது" என்றாள். அப்பா இன்னும் கொஞ்சம் குனிந்தார். அவர் நிழல் குழிக்குள் விழுந்ததும் முட்கள் மெல்ல அசைந்து அவர் பக்கமாகத் திரும்பின. அப்பா சட்டென்று பின்வாங்கினார். "ஆமா பாப்பா, பாக்கத்தான் செய்யுது."

அன்றிரவு விடுதிக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு போனில் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. அது கண் இல்லை. ஆசனவாய்.

காலை நீட்டிக்கொண்டு என்று சொன்னேன் இல்லையா, அதற்கும் காரணம் உண்டு. திரும்பி வரும்போது முழங்கால் அளவுத் தண்ணீரில் இன்னொன்றின்மேல் கால் வைத்துவிட்டேன். செருப்பின் ஓரம் வழியாக நான்கைந்து முட்கள் ஏறி, உள்ளேயே முறிந்துவிட்டன. பிடுங்கப் பிடுங்கப் பொடிந்தன. சூடு தாங்கும் அளவுக்கு வெந்நீரில் காலை வைக்கச் சொல்லியிருந்தான் வழிகாட்டி. விடுதிச் சமையலறையில் அப்பாவே போய் ஒரு வாளி வெந்நீர் வாங்கிவந்தார். முழங்கையை முக்கிச் சூடு பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் காலைத் தூக்கி உள்ளே வைத்தார். எட்டு வருடங்களில் அவர் என்னைத் தொட்டது அதுதான் இரண்டாவது முறை. முதல் முறை, அம்மாவின் காரியம் நடந்த அன்று.

*

கடல் முள்ளெலியை அறுத்துப் பார்க்காமலே அதன் கட்டமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. முட்கள் உதிர்ந்து கரையில் ஒதுங்கும் வெற்று ஓடு. ஓடு என்று சொல்லிவிட்டாலும் நத்தை ஓடு மாதிரி அது வெளிக்கவசம் இல்லை. உயிரோடு இருக்கும்போது அதன்மேல் மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். ஆகவே கணக்குப்படி அது உள் எலும்புக்கூடு. கால்சைட் தகடுகளை இழைத்துக் கட்டிய உருண்டை. மேலிருந்து கீழாக இருபது வரிசைகள், இரண்டிரண்டாகச் சேர்ந்து பத்துப் பட்டைகள். ஒன்றுவிட்டு ஒன்றாக ஐந்து பட்டைகளில் நுண்துளைகள் இருக்கும். அவற்றின் வழியாகத்தான் குழாய்க் கால்கள் வெளியே நீளும். உள்ளே ஓடும் நீர்க்குழாய் மண்டலத்தின் அழுத்தத்தில் அவை நீண்டும் சுருங்கியும் பிடித்தும் விட்டும் வேலை செய்கின்றன. ஒரு ஹைட்ராலிக் இயந்திரம், அவ்வளவுதான். கல்லூரியில் திரவ இயக்கவியலில் இரண்டு முறை அரியர் வைத்தவன் நான். இதைக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒருவேளை தேறியிருப்பேன்.

முள் ஒவ்வொன்றும் ஓட்டிலுள்ள ஒரு குமிழின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நம் தோள்மூட்டு மாதிரி, பந்தும் கிண்ணமும். சுற்றிலும் தசை. தசைக்கு உள்ளே இன்னொரு விசித்திரமான இழைமம்: நரம்பு சொன்னால் சில நொடிகளில் இறுகும், சொன்னால் இளகும். முள்ளை ஒரு கோணத்தில் நிறுத்திவிட்டு இதை இறுக்கிக்கொண்டால், தசையைச் சிரமப்படுத்தாமல் மணிக்கணக்காக அப்படியே நிற்கலாம். எட்டு வருடம் ஒரே கோணத்தில் நின்ற மனிதர்களை எனக்குத் தெரியும் என்பதால் இந்த இடத்தை இரண்டு முறை படித்தேன்.

கீழ்ப்பக்கம் வாய். உள்ளே ஐந்து பற்கள், அவற்றைத் தாங்க நாற்பது துண்டுகள் கொண்ட ஒரு தாடை. அரிஸ்டாட்டிலின் விளக்கு என்று இதற்குப் பெயர். கடல் முள்ளெலியை வர்ணிக்கும்போது அவர் விளக்கை உவமையாகச் சொன்னார், பின்னால் வந்தவர்கள் அது தாடையைத்தான் குறிக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். இல்லை, அவர் சொன்னது முழு ஓட்டையும்தான் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் பெயர் தாடையிலேயே ஒட்டிக்கொண்டது.

உச்சியில், ஆசனவாயைச் சுற்றி, பத்துத் தகடுகள். ஐந்தில் இனப்பெருக்கத் துளைகள். அவற்றில் ஒன்று மட்டும் சல்லடை போலிருக்கும், நீர்க்குழாய் மண்டலத்தின் வாசல் அது. மற்ற ஐந்துக்கும் 'கண் தகடுகள்' என்று பெயர். யாரோ முற்காலத்தில் அங்கே கண் இருப்பதாக நம்பி வைத்த பெயர். கண் இல்லை என்று தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை. என் வேலையில் இது தினமும் நடப்பதுதான். பத்து வருடப் பழைய கோடில் ஒரு மாறிக்குத் தப்பான பெயர் இருக்கும். தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் தொடமாட்டார்கள்.

அப்படியானால் அப்பாவின் நிழலை அது எதை வைத்துப் பார்த்தது? தோலில். இந்தப் பேரினத்தின் தோலுக்கு ஒளியை உணரும் திறன் இருப்பதையும், நிழல் விழும் திசைக்கு முட்கள் திரும்புவதையும் 1950-களிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். தனியாகக் கண் என்று ஒன்று கிடையாது. உடம்பு பூராவும் கொஞ்சம் கொஞ்சம் பார்வை.

*

"அதுக்கு என்ன பேரு போட்டிருக்கு?" என்று அப்பா கேட்டார். வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. மனைவியும் மகளும் பக்கத்து அறையில் தூங்கிவிட்டிருந்தார்கள். எங்களுக்கிடையே பேச ஒரு பொருள் கிடைத்த சந்தோஷத்தில் நான் வாசிக்க ஆரம்பித்தேன். "தொகுதி: முட்தோலிகள். வகுப்பு: எக்கினாய்டியா. வரிசை: டயடமாட்டாய்டா. குடும்பம்: டயடமாட்டிடே. பேரினம்..."

நிமிர்ந்து பார்த்தபோது அப்பா வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உயிரியல் பாடத்தில் இந்தச் சொற்களை மனப்பாடம் செய்தபோது உறைக்காதது அந்த அறையில் உறைத்தது. தமிழில் உயிர்களை வகைப்படுத்தும் சொற்களில் பாதி, மனிதர்களை வகைப்படுத்தும் சொற்கள்தான். வகுப்பு. குடும்பம். இனம். அப்பா தென்மாவட்டத் தாலுகா அலுவலகம் ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவர். அவர் மேசைக்கு வந்த கோப்புகளில் பெரும்பகுதி சாதிச் சான்றிதழ்கள். கிராமங்களில் போய் விசாரித்து, மூன்று தலைமுறை கேட்டு, பச்சை மையில் கையெழுத்துப் போட்டவர். லஞ்சம் வாங்கியதில்லை. தகுதியான யாரையும் இழுத்தடித்ததில்லை. பட்டியல் சாதிப் பிள்ளைகள் கல்லூரிக் கடைசித் தேதிக்கு முந்தைய நாள் அழுதுகொண்டு வந்தால் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து வட்டாட்சியரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறார். நானே பார்த்திருக்கிறேன். அதே மனிதர், நான் ஒரு பெண்ணைக் காதலிக்கிறேன் என்று சொன்னதும் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, என்ன படிப்பு என்று கேட்கவில்லை. "எந்த வகுப்பு?" என்றார்.

சொன்னேன். அவர் எழுந்து போய் மாடியில் காயப்போட்டிருந்த துணியை எடுக்க ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு வரவில்லை. அம்மா இறந்த பிறகுதான், இரண்டு வருடங்களுக்கு முன், என் மகளை முதல்முறை பார்த்தார்.

"பேரினம்?" என்றார் அப்பா. நிறுத்திய இடத்திலிருந்து தொடரச் சொல்கிறார்.

"டயடமா. கிரீடம்னு அர்த்தம். இனம், செட்டோசம்."

*

அன்றிரவு அவர் தூங்கிய பிறகும் படித்துக்கொண்டிருந்தேன். வலி ஒரு காரணம்.

டயடமாட்டிடே குடும்பத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் ஜான் எட்வர்ட் கிரே, 1855-ல். இதன் உறுப்பினர்களை அடையாளம் காண, முள்ளை உடைத்துக் குறுக்குவெட்டில் பார்க்கலாம்: நடுவே வெற்றுக் குழல், சுற்றிலும் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி அமைப்பு. அதனால்தான் காலுக்குள் போனதும் பொடிகிறது. குமிழ்களின் உச்சியில் ஒரு குழி, விளிம்பில் பல் வெட்டு. தாடைப் பற்களின் உட்பக்கம் வாய்க்கால் போலக் குழிந்திருக்கும். குடும்பத்துக்குள்ளே பல கிளைகள். எக்கினோத்ரிக்ஸ் பேரினத்தில் தடித்த முட்களுக்கிடையே ஊசி நுனி போன்ற நஞ்சு முட்கள் தனியாக உண்டு. ஆஸ்ட்ரோபைகா மணல்தரையில் வாழும், சிவந்த உடலில் நீலப் புள்ளிகள் வரிசையாக மின்னும். சென்ட்ரோஸ்டெபானஸில் ஒன்று, கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் வெப்பமடைந்து தெற்கே நீண்டதில் டாஸ்மேனியாவுக்கு வந்துசேர்ந்து, கடல்பாசிக் காடுகளை மேய்ந்து வெறும் பாறையாக்கிக்கொண்டிருக்கிறது.

என்னைப் பிடித்து நிறுத்தியது டயடமா பேரினத்துக்குள் நடக்கும் கதை. இந்தோ பசிபிக்கில் செட்டோசமும் சவிக்னியும் பல இடங்களில் ஒரே பாறைத் திட்டில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. இரண்டும் கறுப்பு. ஆசனவாயைச் சுற்றி ஆரஞ்சு வளையம் இருந்தால் செட்டோசம். வளையம் இல்லாமல் நீலக் கோடுகள் தெளிவாக ஓடினால் சவிக்னி. சவிக்னி என்பது நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு போன பிரெஞ்சு இயற்கையியலாளர் ஒருவரின் பெயர். நுண்ணிய உயிர்களை அவ்வளவு துல்லியமாக வரைந்தவர், பிறகு கண்நோயால் வேலையையே விட வேண்டியதாயிற்று. அவர் படங்களுக்கான விளக்கத்தை வேறொருவர் எழுத நேர்ந்தது.

இவ்வளவு ஒத்திருப்பதால் இரண்டும் உடன்பிறப்புகள் என்று யாரும் நினைப்பார்கள். 2001-ல் வெளியான மரபணு ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது. செட்டோசம்தான் பேரினத்திலேயே முதலில் பிரிந்துபோன கிளை. பக்கத்துப் பாறையில் இருக்கிற செட்டோசத்தைவிட, உலகத்தின் மறுபக்கம் கரீபியனில் இருக்கிற ஆன்டிலாரம்தான் சவிக்னிக்கு நெருங்கிய சொந்தம். ஆனாலும் செட்டோசமும் சவிக்னியும் சேர்ந்து அங்கங்கே கலப்புப் பிள்ளைகள் பிறக்கின்றன. வளையம் பாதி, நீலம் பாதி. அவை எந்தப் பெட்டியில் என்று வரைபடத்தில் இல்லை.

அந்த இரவில் எனக்குக் கிடைத்த பாடம் மிக எளிமையாக இருந்தது. பெட்டிகள் எல்லாம் நாம் போட்டவை. கடலுக்கு இந்தக் கோடுகள் தெரியாது. தூக்கம் வந்தபோது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. ஊருக்குப் போனதும் இதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம் என்று தோன்றியது. நல்லவேளை, எழுதவில்லை.

*

ஏப்ரலில் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க விண்ணப்பம் வாங்கிவந்தேன். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை. எட்டாவது கட்டத்தில் வகுப்பு. பேனாவை மூடிவிட்டு மனைவியிடம் சொன்னேன்: "இதைக் காலியா விட்டுடலாம்."

நான் பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவள் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். தட்டை அடுக்கி மூடி போட்டு, கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "காலியா விடறது உனக்கு ஈஸி" என்றாள். "உன் வகுப்பு இதுவரைக்கும் எங்கயாச்சும் உன்னை நிறுத்தியிருக்கா? காலியா விட்ட இடத்துல எல்லாரும் அப்பா பேரைத்தான் படிப்பாங்க. அது காலி இல்ல. உன்னோடதை எழுதாமலே எழுதறது."

"அவளுக்கு எதுக்கு இந்த முத்திரைன்னுதான்..."

"முத்திரை குத்தினது நாங்களா? எங்கம்மா சித்தாள் வேலைக்குப் போனாங்க. அந்த ஒரு பேப்பர் இருந்ததாலதான் நான் காலேஜுக்குள்ள போனேன், உன்னைப் பாத்தேன். இப்ப நமக்கு அபார்ட்மென்ட் இருக்குன்னு அந்தப் பேப்பர் அசிங்கமாயிடுச்சா? உங்கப்பா என்னைப் பார்த்து ஒரு பேரை வச்சுத்தான முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. அந்தப் பேரு என் பொண்ணுக்கும் இருக்கட்டும். இல்லாத மாதிரி நடிக்க வேணாம்."

குக்கர் விசில் அடித்தது. அவள் எழுந்து போனாள்.

நான் வேலை பார்ப்பது ஒரு இணையக் கடையின் பொருள் பட்டியலில். லட்சக்கணக்கான பொருட்களை வகைகளில் உட்கார வைப்பது என் குழுவின் வேலை. வகை தெரியாதவற்றைப் போட 'இதர' என்று ஒரு பெட்டி உண்டு. புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் அதிகம் பயன்படுத்துவார்கள். யாரையும் புண்படுத்தாத, எந்த முடிவும் எடுக்கத் தேவையில்லாத பெட்டி. ஆனால் 'இதர'வில் விழுந்த பொருளை யாரும் தேடி எடுப்பதில்லை. விற்கிறதா, தேங்குகிறதா, உடைந்து திரும்பி வருகிறதா என்று எந்த அறிக்கையிலும் வராது. இதைப் புதியவர்களுக்கு வருடாவருடம் சொல்லிக்கொடுக்கிறவன் நான்.

டயடமாவின் கதையில் நான் அன்றிரவு வேகமாகத் தாண்டிப்போன பகுதி ஒன்று இருந்தது. திரும்பப் போய்ப் படித்தேன்.

1983 ஜனவரியில் பனாமாவின் கரீபியக் கரையில் ஆன்டிலாரம் சாக ஆரம்பித்தது. முட்கள் உதிர்ந்தன, ஓடு வெளுத்தது. ஓராண்டுக்குள் நீரோட்டங்களைப் பின்பற்றிக் கரீபியன் முழுக்கப் பரவியது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செத்துப்போயின. பக்கத்திலேயே இருந்த மற்ற கடல் முள்ளெலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த ஓர் இனம் மட்டும்தான். பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம் விட்டுக்கொண்டிருந்த உயிர் போனதும், பாசி படர்ந்து பவளப் பாறைகளை மூடியது. 2022-ல் மறுபடியும் ஒரு சாவு அலை. இந்த முறை காரணம் பிடிபட்டது: ஃபிலாஸ்டர் வகையைச் சேர்ந்த ஒரு குற்றிழை உயிரி. அதே காலத்தில் மத்தியதரைக் கடலிலும் செங்கடலிலும் செட்டோசம் கூட்டம்கூட்டமாகச் செத்தது.

அட்லாண்டிக்கின் கிழக்குக் கரையில், கேனரி தீவுகள் பக்கம், இன்னொரு டயடமா இருக்கிறது. பார்க்க ஆன்டிலாரம் மாதிரியே இருப்பதால் வெகுகாலம் ஆன்டிலாரம் என்றே கணக்கில் வைத்திருந்தார்கள். 2009-ல் அங்கேயும் சாவு விழுந்தது. அந்த இனத்துக்கு ஆப்பிரிக்கானம் என்று தனிப்பெயர் கிடைத்தது 2013-ல்தான். செத்தபோது அதற்குச் சொந்தமாக ஒரு பெயர் இல்லை. இன்னொன்றின் பெயரில் செத்தது. இப்போது அது குறைகிறதா, தேறுகிறதா என்று தனியாக எண்ணுகிறார்கள். பெயர் வைத்ததால் அது பிழைத்துவிடாது. ஆனால் பெயர் இல்லாததை எண்ண முடியாது.

கடலுக்குக் கோடுகள் தெரியாது என்று நான் நினைத்தது பாதிதான் சரி. நோய்க்குக் கோடு தெரிந்திருந்தது. எந்த இனத்தைக் கொல்ல வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது. நோய் கோடு போட்டுத் தாக்கும்போது, கணக்கெடுக்கிறவன் மட்டும் நான் கோடு பார்ப்பதில்லை என்று சொன்னால் அதற்குப் பெருந்தன்மை என்று பெயரில்லை.

இந்த ஒப்புமை இதற்குமேல் போகாது என்றும் தெரியும். கடல் முள்ளெலியின் இனங்கள் பல லட்சம் வருடங்களில் பிரிந்தவை. நம்முடையவை நாமே பிரித்து, நாமே காவல் நின்று, நாமே ஒருவரையொருவர் கொல்வதற்கு வைத்திருப்பவை. வேறுபாடு பொய். அடி நிஜம். அடி நின்ற பிறகுதான் பெயரை அழிக்கலாமா என்று கேட்கும் உரிமை வரும். அப்போதும் கேட்க வேண்டியவன் நானில்லை.

*

சான்றிதழ் வாங்க என்னென்ன வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இணையத்தில் பார்த்திருக்கலாம். அப்பாவுக்குப் போன் செய்தேன். எதற்காக என்பதை நான்கு வாக்கியங்களில் சொன்னேன். மறுமுனையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"பள்ளிக்கூடத்துல காலியா விடலாம். அதுக்கு அரசாணையே இருக்கு" என்றார்.

"தெரியும்ப்பா. விடல."

நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"கலப்புத் திருமணம்னா அப்பா வழியும் கேக்கலாம், அம்மா வழியும் கேக்கலாம். அம்மா வழிக்கு எழுது. ரெண்டு பேர் சான்றிதழ் நகல், கல்யாணப் பதிவு நகல், பாப்பா பிறப்புச் சான்று. விசாரணைக்கு வந்தா ரெண்டு பேரும் வீட்ல இருங்க." கோப்பைப் பார்த்துச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். பிறகு, "போனை அவகிட்ட குடு" என்றார்.

அவள் வாங்கி, "சொல்லுங்க மாமா" என்றாள். சத்தம் வெளியே கேட்கும்படி வைத்தாள். அது எனக்காக என்று நினைக்கிறேன்.

"உன் சான்றிதழ்ல சாதிப் பேரு எப்படி எழுதியிருக்கும்மா? எழுத்தெழுத்தாச் சொல்லு. பட்டியல்ல இருக்கறதுக்கு ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிருவாங்க."

அவள் சொன்னாள். நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. எழுதி முடித்துவிட்டு அப்பா அதை முழுதாக ஒருமுறை திரும்பப் படித்தார், சரிதானா என்று கேட்டார்.

வேலையில் இருந்தபோது அந்தப் பெயரை அவர் ஆயிரம் முறை எழுதியிருப்பார். எங்கள் வீட்டில் அதை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான். அவர் குரலில் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளும்படி எதுவும் இல்லை. எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாது என்ற கவனம் மட்டும் இருந்தது.

"சரிதான் மாமா" என்றாள் அவள்.